பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன்

சுங்கை லாலாங் வட்டாரத்தில் பழைய தையல் இயந்திரம் தேடுகிறவர் தையல் கடைகளில் ஏறி இறங்க வேண்டியதில்லை. பழைய இரும்பு வாங்கும் கொட்டகைகளிலிருந்து தொடங்கினால் போதும். உடைந்த சைக்கிள்களுக்கும் துருப்பிடித்த துத்தநாகத் தகடுகளுக்கும் இடையில் கறுப்பாக ஒரு கழுத்து நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே படிந்த தூசியைத் துடைத்தால் மங்கிய பொன்னிற எழுத்தில் ‘சிங்கர்’ என்ற பெயர் தெரியும்.

இவை இங்கே வந்து சேர்ந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான். பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. பீடோங், சுங்கை பட்டாணி தாமான்களில் குடியேறிய குடும்பங்களுக்குச் சிறிய வீடுகளே வாய்த்தன. இரும்புக் காலோடு கூடிய பெரிய கால்மிஷினுக்கு அங்கே இடமில்லை. கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். தலை மட்டுமே ஏறத்தாழ 12 கிலோ கனம் என்பதால் இரும்புக்காரருக்கு அது நல்ல சரக்கு.

இன்னொரு கூட்டமும் இவற்றைத் தேடி அலைகிறது. பூவேலைப்பாடு கொண்ட இரும்புச் சட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மேலே பலகை அடித்துக் காப்பிக் கடை மேசை ஆக்கிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், தலையை என்ன செய்தீர்கள் என்று கேட்காமல் என்னால் அந்த மேசையில் காப்பி குடிக்க முடிவதில்லை.

இந்த இயந்திரத்தில் என்னதான் இருக்கிறது? கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்முனையில் இருக்கும். முழு ஊசியும் துணியைத் துளைத்து வெளியேற வேண்டும். தையல் இயந்திர ஊசிக்கோ காது கூர்முனைக்கு அருகில் இருக்கிறது. 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் பெற்ற காப்புரிமையின் அடிப்படை இதுவே. ஊசி துணிக்குள் இறங்கிச் சற்றே மேலெழும்போது, நூல் தளர்ந்து கீழே ஒரு சிறு வளையமாகிறது. சட்டிலின் முனை அந்த வளையத்திற்குள் நுழைந்து கீழ்நூலை அதனூடே செலுத்துகிறது. இரண்டு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை உடனே பிரிந்துவிடுவதில்லை. இன்றைய மின்சார இயந்திரங்களும் இதே முறையில்தான் தைக்கின்றன.

ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தம் காப்புரிமையைப் பெற்றார். அவருடைய நிறுவனத்தின் வெற்றிக்கு இயந்திரம் பாதிக் காரணம் என்றால், 1856 முதல் அது கையாண்ட தவணை முறை மறுபாதி. கையில் முழுப்பணம் இல்லாதவரும் மாதாமாதம் கட்டி வாங்கலாம். முகவர்கள் வீடு தேடி வந்து விற்றார்கள், வீடு தேடி வந்தே வசூலித்தார்கள். அந்தத் தவணை மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பெண்ணின் பெயர் இருந்தது செக்ரோலில் மட்டும். காலையில் மரம் வெட்டிவிட்டு வந்து மாலையில் ரவிக்கை தைத்துச் சம்பாதித்த பெண் தன் பெயரில் வாங்கிய முதல் பெரிய பொருள் பெரும்பாலும் இந்த இயந்திரமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. நகையைக்கூட அடகு வைத்தார்கள். மிஷினை அவ்வளவு எளிதில் விடவில்லை.

இனி, கையில் கிடைத்த இயந்திரத்தின் வயதை அறியும் முறையைப் பார்ப்போம். தலையின் வலப்புறத் தூணுக்கு அருகே, அடித்தட்டில் சற்று மேடான ஓரிடத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900க்கு முந்தியவற்றில் வெறும் எண் மட்டும். பிறகு வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துகளோ இருக்கும். நான் நம் பக்கத்தில் பார்த்த பெரும்பாலானவற்றில் ‘ஒய்’ என்ற ஒற்றை எழுத்தோ, ‘ஈ’ என்று தொடங்கும் இரட்டை எழுத்தோதான் இருந்தன. இவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் செய்யப்பட்டவை. 1880களில் எழுந்த அந்தப் பெருந்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அவ்வூர் இரயில் நிலையத்துக்கு மட்டும் ‘சிங்கர்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. எந்த எண் எந்த ஆண்டுக்கு என்ற அட்டவணைகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு, எண்கள் தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஆண்டு. வாங்கிய ஆண்டு அன்று.

இந்த வேறுபாடுதான் என் பாட்டியின் இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு செய்தியைச் சொன்னது. அதன் எண் ‘ஈ.எச்.’ என்று தொடங்குகிறது. அதாவது 1950களின் தொடக்கம். பாட்டியோ தாம் அதை 1966இல் வாங்கியதாக எப்போதும் சொல்வார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அது எங்கே இருந்தது என்று கேட்டேன்.

“புது மிஷின் வாங்க யாருகிட்ட காசு இருந்துச்சு? அது இழுத்துட்டு வந்த மிஷினு. பக்கத்துத் தோட்டத்துல எவளோ கட்ட முடியாம விட்டது. கடைக்காரன் வெல கொறச்சுக் குடுத்தான். லாச்சியில பாதி தச்ச புள்ளச் சட்டை ஒன்னு கெடந்துச்சு.”

சட்டையை என்ன செய்தீர்கள் என்றேன். மீதியைத் தைத்துப் பெரிய மாமாவுக்குப் போட்டாராம். முதல் தவணை கட்டும் வரை அந்த மிஷினில் வேறு துணி தைக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் பாட்டிக்குத் தெரியாது. தவணை கட்ட முடியாமல் போனவர்களைப் பற்றி நம் தோட்டப்புறக் கட்டுரைகளில் நான் அதிகம் படித்ததில்லை. உங்கள் வீட்டு இயந்திரத்தின் எண்ணுக்கும் வாங்கிய ஆண்டுக்கும் இடைவெளி இருந்தால் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் கையாக வந்திருக்கலாம், இருப்பில் கிடந்து விற்றிருக்கலாம், சீராக வந்திருக்கலாம். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்பது நல்லது.

அடுத்து வகை. ஊசிக்குப் பக்கத்திலுள்ள சறுக்குத் தகட்டைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே தோட்டா வடிவத்தில் நீண்ட சட்டிலும் மெல்லிய நீள பாபினும் இருந்தால் அது 27, 28, 127, 128 ஆகிய வகைகளுள் ஒன்று. வட்ட பாபின் படுத்த நிலையில் இருந்தால் 66 அல்லது சிறிய 99. இடக்கோடியில் வட்ட பாபின் செங்குத்தாக நின்றால் 15ஆம் வகை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 15ஐயே பரிந்துரைப்பேன். போருக்குப் பின் ஜப்பானியர் அதே அமைப்பைப் பின்பற்றி ஏராளமாகச் செய்தார்கள். சீனாவின் ‘பட்டர்ஃபிளை’ கால்மிஷின்களும் அந்த வழி வந்தவையே. ஆகவே உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மேலே சொன்ன வகைகள் எல்லாவற்றுக்கும் இன்று கடையில் விற்கும் சாதாரண வீட்டு ஊசியே பொருந்தும். ஊசியின் தட்டையான பக்கம் சட்டிலை நோக்கி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சக்கரம் அசையவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் அது துருவன்று, எண்ணெய்ப் பிசின். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் விட்டே பழகிவிட்டார்கள். அவை நாளடைவில் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்த் துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கொடுங்கள். வலுக்கட்டாயம் கூடாது. இளகியபின் கறுப்பு அழுக்கைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெயை விட வேண்டும். சட்டிலுக்கு அடியில் பல்லாண்டுப் பஞ்சு அடைந்திருக்கும், அதையும் எடுங்கள். பொன்னிறப் படங்களின்மேல் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. மேற்பூச்சு கரைந்து படமும் போய்விடும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

மிதிக்கத் தொடங்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி நம்மை நோக்கி வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும். கால் பழக இரண்டு மூன்று நாளாகும். முதலில் நூலில்லாமல் தாளின்மேல் ஓட்டிப் பழகலாம். பழகிய பிறகு கிடைக்கும் இன்பத்தைச் சொல்லத் தெரியவில்லை. வேகம் முழுவதும் நம் காலில் இருக்கிறது. வளைவில் ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்தலாம். நான் பல்கலைக்கழக விடுதிக்குக் கொண்டு வந்திருப்பது கையால் சுற்றும் சிறிய 99. விடுதியில் மின்சாரச் சாமான்களுக்குத்தான் தடை. நண்பர்களின் ஜீன்ஸ்களுக்கு நீளம் குறைத்துக் கொடுத்தே பாதிப் பருவத்துச் சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டிவிட்டேன்.

இயந்திரங்களை அறவே விரும்பாதவர் என்று பலர் நினைக்கும் காந்தியடிகள், 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கரின் தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துப் படும் சிரமத்தைப் பார்த்து சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் கூறிய காரணம். சிங்கரின் உண்மையான குடும்ப வாழ்க்கையைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இதைவிட வேடிக்கை 2009இல் சவூதி அரேபியாவில் நடந்தது. பழைய சிங்கர் ஊசிகளில் ‘சிவப்புப் பாதரசம்’ என்ற மாயப் பொருள் இருப்பதாக வதந்தி பரவி, ஓர் இயந்திரத்துக்கு 2 இலட்சம் ரியால் வரை விலை கேட்டார்கள். அப்படி ஒரு பொருளே இல்லை. யாராவது உங்கள் பாட்டியின் மிஷினில் கைத்தொலைபேசியை வைத்துச் சோதித்துப் பெருந்தொகை பேசினால் வழியனுப்பிவிடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஓடக்கூடிய 15ஆம் வகைத் தலைக்கு நான் 150 வெள்ளி கொடுத்திருக்கிறேன். இரும்புக் கொட்டகையில் கிடந்த 99க்கு 60 வெள்ளி. பேசி முடிக்குமுன் லாச்சிகளை எல்லாம் திறந்து பாருங்கள். பாபின்கள், மாற்றுப் பாதங்கள், திருப்புளி எல்லாம் அங்கேதான் இருக்கும். நீள சட்டில் காணாமல் போயிருந்தால் தயங்காமல் பாதி விலைக்குக் கேளுங்கள். அதைத் தேடிப் பிடிப்பது இயந்திரத்தைத் தேடுவதைவிடக் கடினம்.