ஒரு துண்டுத் துணி தந்த பாடம்

ஜப்பானின் ஃபுஜி மலையருகே, கவாகுச்சி ஏரிக்கரையில் இச்சிக்கு குபோட்டா கலை அருங்காட்சியகம் உள்ளது. 1994இல் திறக்கப்பட்ட இங்குக் கிமோனோ என்னும் மரபு உடைகள், கைகளை விரித்த நிலையில் வரிசையாகத் தொங்குகின்றன. ஓர் உடையில் தொடங்கும் மலைக்காட்சி அடுத்த உடையில் தொடர்கிறது.

குபோட்டா தம் 20ஆம் வயதில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பழந்துணித் துண்டைக் கண்டார். அது 'சுஜிகஹானா' வகைத் துணி. துணியைத் தைத்து, இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. மதுரைச் சுங்குடிக்கும் இதுவே அடிப்படை. 17ஆம் நூற்றாண்டில் மறைந்துபோன அக்கலையை மீட்க அவர் உறுதி பூண்டார். போரும் சைபீரியச் சிறைவாசமும் குறுக்கிட்டன. 1977இல், 60 வயதில்தான் முதல் கண்காட்சியை நடத்தினார்.

அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் மாணவர்களை நாம் பெரும்பாலும் வரிசையில் விரைந்து நடத்திவிடுகிறோம். அவரவர் விரும்பும் ஒரு பொருளின் முன் 10 நிமிடம் நிற்க விடுவோம். 'இதை எப்படிச் செய்திருப்பார்கள்?' என்ற ஒரு வினாவை மட்டும் கொடுப்போம். மறுநாள் வகுப்பில் வெள்ளைத் துணி, நூல், சாயம் கொண்டு அவர்களே முடிச்சிட்டுப் பார்க்கட்டும். முடிச்சை அவிழ்க்கும்போது விடை கிடைக்கும்.