பேச ஓர் ஆள் வேண்டும்

டெல்லியில் பல முதியோர் தனியாக வாழ்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். பேசக்கூட ஆள் இல்லை.

தனிமை உடம்பையும் கெடுக்கும். மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும்.

அங்கே ராஜ்குமாரி அமிர்த கௌர் செவிலியர் கல்லூரி உள்ளது. 1946-இல் தொடங்கியது. நர்சுப் பட்டப் படிப்பு 4 ஆண்டு. முதியோரைக் கவனிப்பதும் அதில் உண்டு. மாணவர்கள் வீடுகளுக்கும் போய்ப் பயிற்சி பெறுவார்கள்.

ரத்த அழுத்தம் பார்த்தால் மட்டும் போதாது. “சாப்பிட்டீர்களா அம்மா? தூங்கினீர்களா? நேற்று யாரோடு பேசினீர்கள்?” என்று விசாரிக்க வேண்டும். பதில் சொல்லும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். அதுவும் மருந்துதான்.

உதவி தேவைப்படும் முதியோர் 14567 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம்.

நம் தெருவில் தனியாக இருப்பவர் யார்? இன்றே போய்ப் பேசுவோம்.