நுளம்பு கடித்தது தோலில், நோவது எலும்பில்

கொம்பனித்தெருவின் தொடர்மாடிப் படிகளில் 2025ஆம் ஆண்டு ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். காய்ச்சல் விட்டுப் பல நாளாகியும், கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கும் அம்மாமார். தேங்காய் துருவ விரல் மடங்காது. போத்தல் மூடியைத் திருக மணிக்கட்டு இடங்கொடாது. "காய்ச்சல் மூன்று நாளில போயிட்டுது, நோவுதான் போகுதில்லை" என்பார்கள்.

அது சிக்குன்குனியா. 2006இன் கடைசி மாதங்களில் மன்னார், யாழ்ப்பாணம், கல்முனை, புத்தளம், கொழும்பு என்று பரவிய அதே நோய், நீண்ட காலம் அடங்கிக் கிடந்துவிட்டு மீண்டும் தலைகாட்டியது. அதன் பெயர் தன்சானியாவின் மக்கொண்டே மக்களின் சொல். நோவால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கிறது. அங்கேதான் 1952இல் இந்த நோய் முதலில் இனங்காணப்பட்டது.

நுளம்பு கடித்தது தோலில். வைரசை எதிர்த்தது குருதியிலுள்ள நிர்ப்பீடனப் படை. இதில் எலும்புக்கு என்ன வேலை?

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவரல்ல. வளர்ந்தவர் உடலில் ஆண்டுதோறும் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. கட்டுவதற்கு ஒருவகைக் கலங்கள், அரிப்பதற்கு இன்னொரு வகைக் கலங்கள். இடிப்பும் கட்டலும் சமமாக நடக்கும்வரை எலும்பு உறுதியாக இருக்கும்.

அரிக்கும் கலங்களின் பிறப்பிடம்தான் வியப்பானது. கிருமிகளை விழுங்கும் வெண்குழியங்கள் எந்த வழியில் பிறக்கின்றனவோ, அதே வழியில்தான் இவையும் பிறக்கின்றன. காவல்காரரும் இடிப்பவரும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

இந்த உறவு விஞ்ஞானிகளுக்கு ஒரே நாளில் புலப்படவில்லை. பல்லில் படியும் அழுக்குக்கு எதிராகத் தூண்டப்பட்ட வெண்குழியங்கள் எலும்பை அரிக்கச் செய்யும் பொருளொன்றைச் சுரக்கின்றன என்று 1972இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1997இல் நிர்ப்பீடன ஆய்வாளர்கள் ரி கலங்கள் என்ற வெண்குழியங்களில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, எலும்பை ஆராய்ந்தவர்கள் அரிக்கும் கலங்களை உருவாக்கும் கட்டளைப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே. இன்று அதன் பெயர் ராங்க்-எல். 1999இல் இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அரிப்பு நடக்காததால் எலும்பு அளவுக்கு மீறி அடர்ந்தது, பல் முளைக்கவில்லை. அத்தோடு நிணநீர் முடிச்சுகளும் உருவாகவில்லை. ஒரே புரதம் இரண்டு துறைக்கும் எசமான் என்பது அப்போது தெளிவானது. 2000ஆம் ஆண்டு இந்த இரண்டையும் சேர்த்து ஆராயும் துறைக்கு ஒஸ்ரியோ இம்யூனோலொஜி என்று பெயரும் வைத்தார்கள்.

ராங்க்-எல்லுக்குக் கடிவாளமும் உண்டு. எலும்பு கட்டும் கலங்களே சுரக்கும் ஓ.பி.ஜி. என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அடக்கிவைக்கும். சிக்குன்குனியா குலைப்பது இந்தச் சமநிலையைத்தான். வைரஸ் மனித எலும்பு கட்டும் கலங்களுக்குள்ளேயே புகும் என்றும், புகுந்தபின் ராங்க்-எல் கூடி ஓ.பி.ஜி. குறையும் என்றும் 2012இல் வெளிவந்த ஆய்வுகூடப் பரிசோதனை காட்டியது. நோய் தொற்றிய சுண்டெலிகளின் மூட்டருகே எலும்பு குறைவதை 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மூட்டுக்கு வெண்குழியங்களை அழைக்கும் சமிக்ஞையை மருந்தால் தடுத்தபோது அந்த இழப்பும் குறைந்தது. சிக்குன்குனியா வந்த எல்லோருக்கும் எலும்பு தேயும் என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். ஆனால் சிலரின் மூட்டில், வைரஸ் அடங்கிய பிறகும் அழற்சி அடங்குவதில்லை.

உதவி மறுபக்கமாகவும் செல்கிறது. வெண்குழியங்கள் பிறப்பது என்பு மச்சையில். அங்கே தாய்க் கலங்கள் தங்கி வாழ எலும்பு கட்டும் கலங்கள் துணைநிற்கின்றன என்று 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. எலும்பு, நிர்ப்பீடனத்தின் பிறந்த வீடு.

இந்த அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. ராங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி, மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் பெண்களுக்காக 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது.

இதே அறிவு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. நோவு தாங்காமல், துண்டு இல்லாமலே பாமசியில் ஸ்ரீரொயிட் குளிசை வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பிரெட்னிசொலோன் போன்றவை அழற்சியை அடக்கும், நோவும் சட்டென்று குறையும். ஆனால் தொடர்ந்து எடுத்தால், எலும்பு கட்டும் கலங்களையும் அவை அடக்கிவிடும்; முதல் சில மாதங்களிலேயே எலும்பு மெலியத் தொடங்கும். வைத்தியர் அளவும் காலமும் குறித்துத் தருவது வேறு, நாமாக எடுப்பது வேறு.

ஆகவே, காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை பனடோல் தவிர வேறு நோவு மாத்திரை வேண்டாம். மூட்டு நோவும் வீக்கமும் மூன்று மாதம் கடந்தும் நின்றால், அதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். மூட்டுவாத கிளினிக்குக்குப் போங்கள். வீட்டில் ஒரு தாய் "விரல் மடங்குதில்லை" என்றால் அதைச் சாட்டென்று எண்ணாதீர்கள். அவர் எலும்பருகே இன்னும் ஒரு போர் ஓயாமல் நடந்துகொண்டிருக்கலாம்.