புகைப்பழக்கத்தை விடுவதில் தோழர் குழுவின் துணை

புகைபிடித்தல் உடலுக்குக் கேடு விளைவிக்கும் என்பதை அறியாதார் இன்று நம் நாட்டில் மிகச் சிலரே. சிகரெட்டுப் பெட்டியின் மீதும் பீடிக் கட்டின் மீதும் எச்சரிக்கைப் படங்கள் அச்சிடப்பட்டுள்ளன. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல் நடைமுறையில் இருந்து வருகின்றன. ஆயினும் 2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கின்படி, பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 28.6 சதவிகிதத்தினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் உபயோகித்தனர், 10.7 சதவிகிதத்தினர் புகைபிடித்தனர். அவ்வாறு புகைபிடித்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று எண்ணியிருந்தார்கள் என்பதும் அதே கணக்கெடுப்பில் புலனாயிற்று.

தீமை என்று தெரிகிறது. விட்டுவிட விருப்பமும் இருக்கிறது. எனினும் விட முடியவில்லை. அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இப்பள்ளத்தை எவ்வாறு கடப்பது? பொதுமக்களோடு நாள்தோறும் பழகும் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இக்கேள்வி மிகவும் பயனுடையது. ஆகவே அதனை இங்குச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நிக்கோடின் செய்யும் வேலை

புகையிலையில் உள்ள முக்கியமான இரசாயனப் பொருள் நிக்கோடின். 1560ஆம் ஆண்டில் லிஸ்பனிலிருந்து பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிவைத்த ஜீன் நிக்கோ என்னும் தூதரின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. புகையை உள்ளிழுத்த சில விநாடிகளுக்குள் நிக்கோடின் நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. அங்கே சில நரம்பணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. அதனால் சிறிது நேரம் இன்பமும் ஊக்கமும் தோன்றுகின்றன. ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோடினின் அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. உடனே மூளை மறுபடியும் கேட்கிறது. நெடுநாள் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையும் பெருகிவிடுவதால், கேட்பதன் வேகமும் மிகுதியாகிறது. இரவு முழுதும் உறங்கி எழுந்தவர், பல் துலக்குமுன் சிகரெட்டைத் தேடுவதன் காரணம் இதுவே.

பீடி சிறியது, ஆகவே தீங்கும் குறைவு என்று கருதுவோர் உளர். இது பெருந்தவறு. பீடியைச் சுற்றியுள்ள இலை, சிகரெட்டுத் தாளைப்போலக் காற்றை எளிதில் உட்புகவிடுவதில்லை. ஆதலால் பீடி அணையாமல் இருக்க, புகைப்பவர் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனுடன் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவும் மிகுதியாக உட்செல்கிறது. இவ்வாயு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இரத்தத்தின் சிவப்புப் பொருளைப் பிடித்துக் கொள்கிறது.

புகைப்பதை நிறுத்தியதும் எரிச்சல், மனக்கலக்கம், தூக்கமின்மை, பசி மிகுதி, கவனக் குறைவு ஆகியவை தோன்றும். இவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிடங்களே நிற்கும். இச்சில நிமிடங்களைக் கடத்துவதற்கு வழி காண்பதே புகைவிடும் கலையின் சாரம் எனலாம்.

பழக்கம் கூட்டத்தில் பிறக்கிறது

புகைப்பழக்கம் உடலை மட்டும் பற்றியதன்று. தனியே அமர்ந்து ஆராய்ந்து புகைபிடிக்கத் தொடங்கியவர் அரியர். கல்லூரி விடுதியிலோ, தேநீர்க் கடையிலோ, வேலைத்தலத்திலோ, ஒரு தோழர் நீட்ட மற்றவர் பெற்றுக் கொள்வதாகவே அது தொடங்குகிறது. வட இந்தியக் கிராமங்களில் ஹுக்காவைச் சுற்றி அமர்தல் சமூக ஒற்றுமையின் அடையாளமாக இருந்து வந்திருக்கிறது. ஒருவரை ஊரிலிருந்து விலக்கி வைப்பதை 'ஹுக்காவும் தண்ணீரும் நிறுத்துதல்' என்றே இந்தி மொழியில் குறிப்பிடுவர். புகை எவ்வளவு ஆழமாகக் கூட்டுறவோடு பின்னிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கூட்டத்தில் பிறந்த பழக்கம் கூட்டத்தாலேயே நீங்கவும் கூடும். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில், இருதய நோய் பற்றிய ஆராய்ச்சி ஒன்று நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அதனுடன் தொடர்புடைய 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும், 1971 முதல் 2003 வரையிலான குறிப்புகளைக் கொண்டு, கிறிஸ்டாகிஸ், பௌலர் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். கணவன் மனைவியருள் ஒருவர் புகைப்பதை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவிகிதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவிகிதமும், சிறு நிறுவனத்தில் உடன் பணிபுரிபவர் விட்டால் 34 சதவிகிதமும், உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவிகிதமும் குறைந்தன. தனித்தனி மனிதராக அன்றி, ஒன்றோடொன்று பிணைந்த குழுக்களாகவே மக்கள் இப்பழக்கத்தை விட்டனர் என்பது அவர்கள் கண்ட உண்மை.

ஓர் அனுபவம்

இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தைக் குறிப்பிடுதல் பொருந்தும். கல்லூரி நாட்களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் புகைபிடித்து வந்தேன். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். மொழிபெயர்ப்புக்கு வரும் கட்டுரைகளில் புகையிலையின் தீமை பற்றியனவும் உண்டு. நுரையீரற் புற்றுநோய் பற்றிய பத்தி ஒன்றைத் தமிழில் எழுதி முடித்து, அடுத்த பத்தியைத் தொடங்குமுன் படிக்கட்டுக்குச் சென்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கொண்ட நாட்கள் பல. சொல் தெரிந்தது, பொருளும் தெரிந்தது, கை மட்டும் கேட்கவில்லை. நான்கு முறை விட முயன்றேன். ஒரு முறையேனும் ஒரு வாரம் நிறைந்ததில்லை.

ஞாயிறுதோறும் தில்லியிலிருந்து சிலர் கூடிப் பறவைகளைப் பார்க்கச் செல்வோம். ஓய்வு பெற்ற ஆசிரியர், இரயில்வே ஊழியர், மாணவர் எனப் பலதரப்பட்டவர்கள் அக்குழுவில் இருந்தனர். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு விடியற்காலை, ஹரியானாவிலுள்ள சுல்தான்பூர் ஏரிக் கரையில் நின்றிருந்தோம். ஒரு ஜோடி சாரசக் கொக்குகள் தம் குஞ்சுடன் நாணல்களுக்கிடையே மெல்ல வெளிவந்தன. அக்காட்சிக்காக மாணவர் ஒருவர் ஒரு மணி நேரமாகக் குளிரில் அசையாது காத்திருந்தார். அப்பொழுது எனக்கு இருமல் வந்தது, அடக்க முடியவில்லை. கொக்குகள் மீண்டும் நாணலுக்குள் மறைந்துவிட்டன. ஒருவரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகப் படித்த எச்சரிக்கைகள் செய்யாத வேலையை அம்மௌனம் செய்தது.

திரும்பும் வழியில் அந்த ஆசிரியர் என்னருகே அமர்ந்து, தாமும் முப்பது ஆண்டுகள் பீடி குடித்து விட்டவர் என்பதைத் தெரிவித்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதாவது 2019ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், விடும் நாளாகக் குறிக்கப்பட்டது. எங்கள் குழுவில் ஒவ்வொரு வாரமும் கண்ட பறவைகளின் எண்ணிக்கையைப் பதியும் குறிப்பேடு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் என் பெயருக்கு ஒரு பத்தி கோடிட்டு ஒதுக்கப்பட்டது. அவ்வாரம் நான் புகைத்த சிகரெட்டுகளின் எண்ணிக்கையை வாத்துகளுக்கும் நாரைகளுக்கும் பக்கத்திலேயே பதிவது ஏற்பாடு. வார நாட்களில் மாலை வேளையில், முறை வைத்துக் கொண்டு ஒருவர் தொலைபேசியில் பேசுவார். புகையைப் பற்றிப் பேச்சு எழுவது அரிது. வரும் ஞாயிறு எங்கே செல்லலாம் என்பதே பெரும்பாலும் பேச்சு.

ஒன்பது வாரம் ஓரத்தில் சைபர் விழுந்தது. மார்ச்சு மாதத்தில், வேலை மிகுந்த ஓர் இரவு, உடனிருந்தவர் நீட்டிய சிகரெட்டை வாங்கிப் பிடித்துவிட்டேன். அந்த ஞாயிறு குழுவிற்குச் செல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் சென்று உண்மையைச் சொன்னேன். குறிப்பேடு வைத்திருந்தவர் '1' என்று எழுதினார். பறவையைத் தவறாக அடையாளம் கண்டால் அடித்துத் திருத்துகிறோமேயன்றிக் குறிப்பேட்டை எறிந்துவிடுவதில்லை என்று சொல்லிவிட்டு, பைனாகுலரை எடுத்துக் கொண்டு நடந்தார். அதன் பின் அந்த ஓரத்தில் சைபரைத் தவிர வேறு எண் விழவில்லை. 2020ஆம் ஆண்டில் ஊரடங்கு வந்து கூட்டம் நின்றபோது, அவரவர் வீட்டு மாடியிலிருந்து கண்ட பறவைகளைத் தொலைபேசியில் தெரிவித்துக் கொண்டோம். பழக்கம் திரும்பவில்லை.

குழு உதவியது எவ்வாறு?

இவ்வனுபவத்தை ஆராய்ந்தால் நான்கு காரணங்கள் தென்படுகின்றன.

முதலாவது, கைக்கும் மனத்திற்கும் வேலை கிடைத்தது. பைனாகுலரைப் பிடிக்க இரு கைகளும் வேண்டும். சதுரங்கம், தோட்டக்கலை, இசைப் பயிற்சி, பந்தாட்டம் ஆகிய எதுவாயினும், வேட்கை எழும் சில நிமிடங்களைக் கடத்திவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

இரண்டாவது, புகைவிடுதல் ஒரு பொதுக் காரியத்தின் பகுதியாயிற்று. குழு கூடியது பறவைகளுக்காகவே. ஆகவே நோயாளியைச் சூழ்ந்து நிற்பது போன்ற சங்கடம் எழவில்லை.

மூன்றாவது, உண்மையான கணக்கு இருந்தது. கணக்கு வைத்தலைப் பொழுதுபோக்கிலேயே பழகியவர்கள், தவறியதையும் மறைக்காமல் எழுதத் தயங்குவதில்லை.

நான்காவது, தவறியவரைக் குழு தள்ளிவிடவில்லை. முதல் முயற்சியிலேயே நிரந்தரமாக விட்டவர்கள் குறைவு. பலர் பல முறை முயன்ற பின்னரே வெற்றி பெறுகின்றனர். நழுவியதைத் தோல்வியாக எண்ணி முயற்சியைக் கைவிடுவதே உண்மையான தோல்வி.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

ஒருவர் விட விரும்பினால், அவர் ஏற்கெனவே சேர்ந்துள்ள குழு எது என்பதை முதலில் கேட்டறிக. பஜனைக் குழு, பந்தாட்டக் குழு, வாசகசாலை நண்பர்கள் என ஏதேனும் ஒன்று இருக்கும். புதிய சங்கம் ஒன்றை நிறுவுவதைவிட இருக்கும் நட்பைப் பயன்படுத்துதல் எளிது. அக்குழுவில் முன்பு புகைத்து விட்டவர் ஒருவர் இருந்தால், அவரே தகுந்த துணைவர். குழுவில் இன்னும் புகைப்பவர்கள் இருந்தால், கூடும் நேரத்திலேனும் புகையாதிருக்குமாறு அவர்களை வேண்டிக் கொள்ளலாம். ஒரு நாளைக் குறித்து, அன்று முழுமையாக நிறுத்துவது பொதுவாக நன்று. சிறிது சிறிதாகக் குறைப்பதைவிட ஒரே நாளில் நிறுத்துதல் கூடுதல் பயன் தந்ததாக இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

கேலி செய்தல், பலர் முன் சபதம் செய்வித்தல், தவறியபோது பழித்தல் ஆகிய மூன்றையும் அறவே விலக்க வேண்டும். வெட்கமுற்றவர் புகையை விடுவதில்லை, குழுவையே விட்டுவிடுவார்.

குழுவின் ஊக்கம் மருத்துவத்திற்கு மாற்றன்று. தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை, நிக்கோடின் சூயிங்கம் ஆகியவை வேட்கையைத் தணிக்க உதவும். சூயிங்கத்தை மிட்டாய் போலத் தொடர்ந்து மெல்லலாகாது. சிறிது மென்று, காரம் தோன்றியதும் கன்னத்தின் உட்புறம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கிய பின் மறுபடியும் மெல்ல வேண்டும். வேறு மருந்துகளை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இருதய நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எதையும் மருத்துவரைக் கேட்டே உபயோகிக்க வேண்டும். மத்திய அரசாங்கத்தின் தேசிய புகையிலை விடுப்பு உதவித் தொலைபேசி 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் இயங்குகிறது. புகைக்குப் பதிலாகக் கைனி, குட்கா போன்ற மெல்லும் புகையிலைக்கு மாறுதல் ஒரு தீமையை விட்டு வேறொன்றைப் பற்றுவதாகும். மின்சிகரெட்டு 2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

காலம் கடந்துவிட்டதா?

நெடுநாள் புகைத்தவர்கள், "இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்பதுண்டு. இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 1951ஆம் ஆண்டில் டால், ஹில் என்னும் இரு அறிஞர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். அதன் ஐம்பதாண்டு முடிவுகள் 2004ஆம் ஆண்டில் வெளியாயின. தொடர்ந்து புகைத்தவர்கள், புகையாதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். ஆனால் அறுபது வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும், முப்பதில் விட்டவர்கள் பத்து ஆண்டுகளையும் திரும்பப் பெற்றனர்.

பயன் அத்தனை ஆண்டுகள் காத்திருந்து வருவதுமன்று. நிறுத்திய ஓரிரு நாட்களில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடு இயல்பான அளவை நெருங்குகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓரிரு ஆண்டுகளில் மாரடைப்பு அபாயம் பெரிதும் தணிகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நுரையீரற் புற்றுநோய் அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் பாதியாகிறது. எடை சிறிது கூடலாம். அதற்கு அஞ்சிப் புகையைத் தொடர்வது அறிவுடைமையாகாது.

சென்ற குளிர்காலத்தில் மறுபடியும் சுல்தான்பூர் சென்றிருந்தோம். கொக்குகள் அரை மணி நேரம் எங்கள் எதிரே மேய்ந்தன. அப்பக்கத்தின் ஓரத்தில் எனக்கெனக் கோடிட்ட பத்தி இப்பொழுது இல்லை. அவ்விடத்தில், அண்மையில் குழுவில் சேர்ந்த வேறொருவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவருக்குப் புதன்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுவது என் முறை.