குட்டி யானை எவ்வளவு தாங்கும்?

டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். ஏற்றலாம் என்று நிறுவனம் சொன்ன பாரம் 750 கிலோ. நம் ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. வம்பு அங்கேதான் தொடங்கியது.

சிமெண்டு என்றால் கணக்கு சுலபம். மூட்டை 50 கிலோ, ஆக 15 மூட்டை. மணலில்தான் கண் ஏமாறும். தொட்டி ஏழடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஓரடி உயரத்துக்கு மணலை நிரவினால் சுமார் 35 கன அடி. காய்ந்த மணல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ என்பதால் 1,500 கிலோவைத் தாண்டிவிடும். ஈர மணல் இன்னும் கனக்கும். அரையடி மணலோடு வரும் வண்டியைப் பார்த்து, "என்னண்ணே, பாதி வண்டி காலியா வருது?" என்று கேட்பார்கள். அதுதான் முழு லோடு! வைக்கோல் நேர் எதிர். ஆளுயரம் அடுக்கினாலும் எடை ஏறாது.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: வெற்று வண்டியின் எடை, பாரத்தோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை. கழித்தால் வருவதே உங்கள் பங்கு. ஆனால் சட்டப்படி வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். இருவரும் ஏறி உட்கார்ந்தாலே நூறு கிலோவுக்கு மேல் போய்விடும். பிறகு வெல்டிங் வைத்துப் பொருத்திய இரும்புக் கம்பிச் சட்டமும் அந்தப் பங்கிலிருந்துதான் கழியும்.

"எஞ்சின் இழுக்குதே" என்பது சமாதானம் ஆகாது. முதல் கியரில் எதுவும் நகரும், நிறுத்துவதுதான் பாடு. மொத்த எடை ஒன்றரை மடங்கானால், அதே வேகத்திலிருந்து நிற்க பிரேக் தாங்க வேண்டிய வெப்பமும் ஒன்றரை மடங்கு. டயருக்கும் வரம்பு உண்டு. அதன் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்: 80 என்றால் அந்த டயர் 450 கிலோ தாங்கும், 90 என்றால் 600. அதிகப் பாரத்தோடு பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி.

எடை சரியாக இருந்தாலும் வைக்கும் இடம் தவறலாம். ஏஸின் முன், பின் அச்சுகளுக்கு இடைவெளி 2.1 மீட்டர். 200 கிலோ பொருளைப் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் வைத்தால், முன் சக்கரங்களின் மீதுள்ள எடையில் 48 கிலோ குறையும். பின் அச்சில் 248 கிலோ ஏறும். பின்கதவைத் திறந்துபோட்டு நீளக் கம்பி ஏற்றிய வண்டி மேடு ஏறும்போது ஸ்டீயரிங் பிடிமானமின்றி லேசாகச் சுழல்வது இதனால்தான். பீரோ, கிரைண்டர் போன்ற கனமான சாமான்களைப் பின் அச்சுக்கு முன்னால், கேபின் பக்கமாகத் தள்ளி வைத்துக் கட்டுங்கள்.