மழலையுடன் மாகடலிலே

நடை பழகும் குழந்தையொன்று இல்லத்தில் இருப்பின் தாய்க்கு ஓய்வென்பது ஏது? கிணற்றடிக்குப் போகாமலும், அடுப்பை அணுகாமலும், படலையைத் திறந்துகொண்டு தெருவிற்கு ஓடாமலும் அதனைக் காப்பதே ஒரு முழுநாள் வேலையாகிவிடும். அங்ஙனமாயின், நாற்புறமும் ஆழ்கடல் சூழ ஓயாது ஆடிக்கொண்டிருக்கும் சிறு பாய்க்கப்பலிலே அத்தகைய குழந்தையை வளர்ப்பது எத்துணைக் கடினமாகும்! எனினும் அவ்வாறு வளர்த்த பெற்றோர் மேனாடுகளில் உளர். இன்றும் வளர்ப்போர் உளர். அவர்கள் செய்வது துணிவா, அன்றி அறியாமையா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன்னர், அவர்களது வாழ்க்கையை நாம் சற்று உற்று நோக்குதல் வேண்டும்.

நோர்வே நாட்டு எழுத்தாளராகிய ஏர்லிங் தாம்ஸ் என்பார் 1928ஆம் ஆண்டிலே தம் இளம் மனைவி ஜூலியுடன் ‘டெடி’ என்னும் பாய்க்கப்பலில் உலகைக் காணப் புறப்பட்டார். அது ஏறத்தாழ 40 அடி நீளமுடையது. கொலின் ஆர்ச்சர் என்ற புகழ்பெற்ற கப்பற் சிற்பியின் மரபில் அமைந்த பழைய படகு. துறைமுகத்தை நாடிவரும் பெருங்கப்பல்களுக்கு வழிகாட்டிகளைக் கொண்டுசென்று சேர்ப்பதற்கென, கடுங்காற்றையும் தாங்குமாறு அத்தகைய படகுகள் கட்டப்பட்டன. ஆயினும் டெடியில் இயந்திரம் இருக்கவில்லை. காற்றே அதன் துணை.

கனேரித் தீவுகளிலுள்ள லாஸ் பல்மாஸ் நகரில் அவர்களுக்கு டோனி என்னும் மைந்தன் பிறந்தான். அக்கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டே அவர்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டினர். பனாமாக் கால்வாயைக் கடந்து, பசுபிக் தீவுகளைக் கண்டு, நியூசீலாந்தை அடைந்தனர். 1931ஆம் ஆண்டில் தாஸ்மன் கடலைக் கடக்கும் பந்தயத்தில் டெடி முதலிடம் பெற்றது. நியூசீலாந்தில் பெண்மகவொன்றும் பிறந்தது. ஆனால், 1932ஆம் ஆண்டில் ஒக்லாந்துக்கு வடக்கே, கவாவு தீவின் அயலிலே அக்கப்பல் பாறையில் மோதிச் சிதைந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் உயிர் தப்பினர். அவர்களுக்கு வீடாக விளங்கிய கலமோ கடலுக்கு இரையாயிற்று.

கடற் பயணத்திலே எப்பருவத்துப் பிள்ளையைக் காப்பது மிகக் கடினம்? கைக்குழந்தை வளர்த்திய இடத்திலே கிடக்கும். ஐந்து வயதுப் பிள்ளை சொற்கேட்கும். இவற்றிற்கு இடைப்பட்ட, ஒன்று முதல் மூன்று வரையான வயதே பெற்றோரைப் பெரிதும் சோதிப்பது. கால்கள் ஓடக் கற்றுவிட்டன. அச்சமோ இன்னும் பிறக்கவில்லை. இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளைக் கடற்பயண மயக்கம் பெரும்பாலும் தாக்குவதில்லை என்பது ஒரு நன்மையே. ஆனால் அலை மிகுந்த நாளிலே தந்தையும் தாயும் தலைசுற்றிப் படுத்திருக்க, குழந்தை மட்டும் பசியென்றும் விளையாட்டென்றும் அவர்களை எழுப்பிக்கொண்டிருக்கும்!

ஆகவே கப்பலைக் குழந்தையின் அளவிற்கேற்ப மாற்றியமைக்கின்றனர். மேற்றளத்தின் ஓரத்திலுள்ள கம்பி வேலியைச் சுற்றி வலை கட்டப்படுகிறது. குழந்தையின் மார்பைச் சுற்றி உறுதியான வார் பூட்டி, அதன் கயிற்றைக் கப்பலிலே கொளுக்கியால் மாட்டுகின்றனர். படியேறி மேற்றளத்திற் கால் வைப்பதற்கு முன்னரே கொளுக்கி மாட்டப்படல் வேண்டும் என்பது மீறலாகாத விதி. உயிர்காப்பு அங்கியும் கண்டபடி தெரிந்தெடுக்கத்தக்கதன்று. நீரில் வீழ்ந்த குழந்தையின் முகத்தை வானோக்கித் திருப்பி, தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டை அதற்கு வேண்டும். கால்களினிடையே செல்லும் வாரும் வேண்டும். அது இல்லாவிடின் அங்கி மேலெழுந்து தலைவழியே கழன்றுவிடும். படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்புக் கட்டப்படுகிறது. அடுப்போ, கப்பல் சரியும்போதும் தான் நிமிர்ந்து நிற்குமாறு தொங்கவிடப்பட்டுள்ளது. எனினும் கொதிநீர் சிந்தினால் மருத்துவமனை நெடுந்தொலைவில் உள்ளதென்பதை மறவாத தாய், சமைக்கும் வேளையிலே குழந்தையை அருகில் வரவிடுவதில்லை.

இவற்றினும் பெரிய இடர் பெற்றோரின் களைப்பேயாகும். கனேரித் தீவுகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல். சிறு பாய்க்கப்பலுக்கு மூன்று வாரப் பயணம். இரவெல்லாம் இருவரும் முறைவைத்து விழித்திருந்து, விடியும்போது கண்ணயர நினைத்தால், குழந்தை அப்பொழுதே கண்விழிக்கும். ஆதலின் நெடும்பயணங்களுக்கு மூன்றாவது ஆளொருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வோரும் உண்டு.

நோய் வந்துற்றால் யாது செய்வது? 2014ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம் மூன்று வயதும் ஒரு வயதுமான இரு பெண்குழந்தைகளுடன் மெக்சிக்கோவிலிருந்து பசுபிக்கிற் புறப்பட்டது. கரையிலிருந்து ஏறக்குறைய 900 மைல் தொலைவில் இளைய குழந்தையைக் காய்ச்சல் பற்றியது. மேனியெங்கும் தடிப்புகள் தோன்றின. பெற்றோர் செய்மதி வழியாக உதவி கோரினர். மீட்புப் படையினர் நால்வர் விமானத்திலிருந்து பாரசூட் மூலம் கடலிற் குதித்து, அக்கப்பலை அடைந்து குழந்தைக்குச் சிகிச்சை செய்தனர். சில நாட்களில் போர்க்கப்பலொன்று அனைவரையும் ஏற்றிச் சென்றது. குழந்தை தேறியது. நீர் புகுந்துகொண்டிருந்த பாய்க்கப்பல் கடலிலேயே மூழ்கவிடப்பட்டது. ‘பச்சிளங் குழந்தைகளை இவ்வாறு கொண்டுசெல்லலாமா?’ என்று அப்பெற்றோரைப் பலர் கடிந்தனர். வேறு சிலர் அவர்களுக்காகப் பரிந்து பேசினர்.

கடல் குழந்தைக்கு அளிக்கும் நன்மையையும் நாம் மறைத்தலாகாது. ஒல்லாந்து நாட்டு லோரா டெக்கர் 1995ஆம் ஆண்டில், பெற்றோரின் உலகப் பயணத்தினிடையே நியூசீலாந்திற் பிறந்தவர். தம் முதல் ஐந்து ஆண்டுகளைக் கடலிலேயே கழித்தவர். பதின்மூன்று வயதில் தனியாக உலகைச் சுற்றிவர விரும்பியபொழுது, 2009ஆம் ஆண்டில் நீதிமன்றம் இடைமறித்து, அவரைச் சிறுவர்நல அதிகாரிகளின் மேற்பார்வையில் வைத்தது. அத்தடை 2010ஆம் ஆண்டில் நீங்கியது. 2012ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தமது பதினாறாவது வயதில் அவர் பயணத்தை நிறைவேற்றினார். அவர் தாமே விரும்பிக் கேட்டார், நீதிமன்றமும் ஆராய்ந்தது. நடை பழகும் குழந்தைக்கோ விருப்பத்தை வெளியிடும் ஆற்றலும் இல்லை. அதன்பொருட்டு வழக்காடுவாரும் இல்லை.

ஆகவே முன்னெழுந்த வினாவிற்கு எமது விடை இதுவே. வலையும் வாரும் இன்றியமையாதன. அவற்றைப் பொருள் கொடுத்து வாங்கலாம். வாங்க முடியாதது ஒன்றுண்டு. ஆண்டுக்கணக்காகக் கண்ட கனவையும், சேமித்த பொருளனைத்தையும் இட்ட கப்பலையும், குழந்தையின் ஒரு காய்ச்சலின் பொருட்டு அக்கணமே கைவிடத் துணியும் மனமே அது. கடிந்துரைக்கப்பட்ட அந்த அமெரிக்கப் பெற்றோர், புறப்பட்டது சரியோ பிழையோ, உதவி கோரிய அந்நேரத்தில் அத்தகைய மனமுடையோராய் இருந்தனர். அம்மனம் இல்லாதார் குழந்தையுடன் துறைமுகத்தை விட்டு நீங்காதிருத்தலே நன்று.