அன்பும் விலையும் ஒரே சொல்லில்

பொருளியல் வகுப்பில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘டியர்’. கடிதத்தின் தொடக்கத்தில் வரும் அன்புச் சொல்லாகவே அதனை அறிந்தவர்கள், ‘டியர் மணி’ என்பதை ‘அன்பான பணம்’ என்று எழுதிவிடுவர். வட்டி உயர்ந்து, கடன் பெறுவது கடினமாகும் நிலையையே அத்தொடர் குறிக்கிறது.

பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல்லுக்கு ‘அன்புக்குரிய’, ‘விலை மிகுந்த’ என்னும் இரு பொருள்களும் உண்டு. பற்றாக்குறையைக் குறிக்கும் ‘டெர்த்’ இதிலிருந்து பிறந்ததே. அரசு ஊழியர் பெறும் அகவிலைப்படியின் ஆங்கிலப் பெயரான ‘டியர்னெஸ் அலவன்ஸ்’ என்பதிலும் விலையேற்றப் பொருளே நிற்கிறது.

அன்பைச் சொல்லும்போது வாக்கியத்தின் திசையில் கவனம் தேவை. ‘ஷி இஸ் டியர் டு மீ’ என்பதில் அன்புக்குரியவரே எழுவாய். அன்பு செலுத்துபவர் ‘டு’ என்பதற்குப் பின் வருகிறார். ‘எனக்கு’ என்பதை எண்ணி ‘ஃபார் மீ’ என்று எழுதுவது பிழை. ‘ஃபாண்ட் ஆஃப்’ என்பதிலோ அன்பு செலுத்துபவரே எழுவாய்.

மாணவர் ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தில், ‘ஐ ஆம் டியர் டு எகனாமிக்ஸ்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். பொருளியல் தமக்கு உயிர் என்பது அவர் கருத்து. அவர்தாம் பொருளியலின் செல்லப்பிள்ளை என்பது வாக்கியத்தின் பொருள். படித்ததும் சிரித்துவிட்டேன், அவர் முகம் வாடியது. ‘எகனாமிக்ஸ் இஸ் டியர் டு மீ’ என்று மாற்றியதும் சரியாயிற்று. குறை அவரது அறிவில் இல்லை. சொற்கள் நின்ற வரிசையில்தான் இருந்தது. இத்தகைய சிறு பிழைகளை வைத்தே நம் இளைஞர்களின் தகுதி எடைபோடப்படுவதால், சிரிப்பதைவிடத் திருத்துவதே ஆசிரியருக்கு அழகு.

விலையைக் குறிக்கும்போதும் ஒரு விதி உண்டு. பொருள்தான் ‘டியர்’, விலை ‘ஹை’. எனவே ‘தி பிரைஸ் இஸ் டியர்’ என்பதைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்கர்கள் இப்பொருளில் ‘எக்ஸ்பென்சிவ்’ என்பதையே பெரிதும் கையாளுகின்றனர். கடிதத்தில் வரும் ‘டியர் சார்’ வெறும் மரபு. கண்டனக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும்.

அடைவதற்கு அரிதானதே ‘டியர்’ என்று 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஆடம் ஸ்மித் விளக்கினார். தமிழருக்கு இது புதிதன்று. ‘அரிது’ என்பதோடு வேர் பகிரும் ‘அருமை’ என்ற சொல்லால்தானே பெற்ற பிள்ளையையும் அழைக்கிறோம்? எளிதில் கிடைக்காததன் மதிப்பை இரு மொழிகளும் உணர்ந்திருக்கின்றன. அந்த ஒற்றுமையைச் சுட்டிக் கற்பித்தால், அயல்மொழிச் சொல்லும் மாணவர் மனத்தில் நிலைக்கும்.